ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள்

விடுதலை வந்த அன்று பெரின் மரவள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள்.

அது ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். போன்ரெப்போ கரும்புத் தோட்டத்தில் அடிமைகளுக்கு முதலாளி சாப்பாடு போடுவதில்லை. அதற்குப் பதிலாகச் சனிக்கிழமையை அவர்களுக்கே விட்டிருந்தார். அந்த ஒரு நாளில் மலைச்சரிவில் கிழங்கோ பயறோ போட்டு, வாரம் முழுக்கத் தின்ன வேண்டியதை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். போன்ரெப்போ என்றால் நல்ல ஓய்வு என்று பொருள். பெயர் வைத்தவர் பெரிய வீட்டு மாடியில் தூளி கட்டிப் படுத்திருந்தவர்தான்.

சனிக்கிழமை அடிக்காத மணி அன்று அடித்தது. தீயோ புயலோ என்று எல்லோரும் முற்றத்துக்கு ஓடினார்கள். பெரினும் ஓடினாள், கையெல்லாம் மாவாக. பெரிய வீட்டுப் படியில் மேலாளர் வெர்னூ நின்றிருந்தார். முதலாளி ஆங்கிலேயரோடு சேர்ந்து தீவை விட்டே ஓடிப்போயிருந்தார். அதனால் இப்போது எல்லாம் வெர்னூதான். அவர் தொப்பியில் நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறத்தில் ஒரு துணிப்பூ இருந்தது. பக்கத்தில் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள்.

பிரான்சில் ராஜாவின் தலையை வெட்டிவிட்டார்கள் என்று முன்பே ஒரு செய்தி வந்திருந்தது. அதனால் இங்கே என்ன ஆகப்போகிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. கரும்பு பழையபடியே வளர்ந்துகொண்டிருந்தது. இப்போது அந்தச் சேதியின் மிச்சம் கப்பலேறி வந்து சேர்ந்திருந்தது. வெர்னூ கையிலிருந்த காகிதத்தைப் படித்தார். இன்று முதல் குவாதலூப் தீவில் அடிமை என்று எவரும் கிடையாது. எல்லோரும் குடியரசின் குடிமக்கள்.

எல்லோரும் பக்கத்தில் நின்றவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"குடிமக்களாமே" என்றாள் பக்கத்தில் நின்ற மார்த். "அப்ப ரம் எப்ப ஊத்துவாங்களாம்?"

அதற்கு ஒருவர் சிரிக்க, இன்னொருவர் சிரிக்க, சிரித்துக்கொண்டே இருந்த ஒருத்தி திடீரென்று தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

பெரின் கத்தவில்லை. அவள் மனதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஸெஃபீர் இனி என் குடிசைக்கே வந்துவிடலாமா?

ஸெஃபீர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தோட்டத்து ஆள். ஆலையில் கரும்புச் சாறு காய்ச்சும் கொப்பரைகளுக்கு நெருப்புப் போடுவது அவன் வேலை. பெரினுக்கு இங்கே ஆலை உருளைகளுக்குள் கரும்பு கொடுக்கும் வேலை. கை கொஞ்சம் உள்ளே போனால் உருளை தோள்வரை இழுத்துவிடும். அப்படி இழுத்தால் கையை வெட்டி ஆளைக் காப்பாற்ற, பக்கத்திலேயே ஒரு கோடரி தொங்கும். கரும்புக் காலத்தில் பகலும் இரவும் ஆலை ஓடும். இரண்டு தோட்டத்திலும் எவருக்கும் தூக்கம் போதாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவர்கள் சந்திக்கும் நாள். அவள் காலையில் மரவள்ளி அடை சுட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவாள். அவன் பாலம் தாண்டி வந்து கூடையைத் தூக்கிக்கொள்வான். சந்தை முடிந்து குடிசைக்கு வந்ததும் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிவிடுவான்.

"தூங்கறதுக்குத்தான் இவ்வளவு தூரம் நடந்து வர்றியா?" என்று கேட்பாள்.

"அங்க படுத்தா தூக்கம் வருது. இங்க படுத்தாத்தான் தூங்கின மாதிரி இருக்கு" என்பான்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, தாடை கட்டிக்கொள்ளும் நோயில் ஒரு வாரத்துக்குள் போய்விட்டது. அதற்கு ஞானத்தாயாக நின்றவள்தான் மார்த். குழந்தை போன பிறகும் இருவரும் ஒருவரை ஒருவர் 'கொமேர்' என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரே குழந்தைக்கு ஒருத்தி தாய், ஒருத்தி ஞானத்தாய் என்ற உறவுக்கு அந்தத் தீவில் அதுதான் சொல்.

அதனால் விடுதலை அன்று, கத்தல் அடங்கியதும், பெரின் படியருகே போனாள்.

"மெஸ்ஸியே..." என்றாள், வெள்ளைக்கார ஐயாக்களைக் கூப்பிடும் பழக்கத்தில்.

"மெஸ்ஸியே கிடையாது. குடிமகன் வெர்னூன்னு சொல்லு."

"சரிங்க மெஸ்ஸியே. என் ஆளு அக்கரைத் தோட்டத்துல இருக்கான். அவன் இனிமே இங்கயே வந்து இருந்துக்கலாமா?"

வெர்னூ சிப்பாய்களைப் பார்த்தார். "குடியரசுக்குச் சர்க்கரை வேணும் குடிமகளே. சண்டை நடக்குது. அவங்கவங்க எந்தத் தோட்டத்துல இருக்காங்களோ அங்கயே இருந்து வேலை செய்யணும். விட்டுட்டுப் போனா ஊர்சுத்தின்னு பிடிச்சு உள்ள போடுவாங்க."

"அப்ப எதுக்கு விடுதலை?"

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உண்மையில் அவருக்கும் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை அதே மணி அதே நேரத்தில் அடித்தது. கங்காணி நார்சிஸின் கையில் சாட்டை இல்லை. பதிலுக்கு மூன்று நிற நாடா கட்டிய ஒரு கம்பு இருந்தது.

"நாடா கட்டிட்டா வலிக்காதா அண்ணே?" என்று கேட்டாள் மார்த்.

"இது அடிக்கறதுக்கு இல்லடி, காட்டுறதுக்கு. எனக்கே இன்னும் சரியா விளங்கல. வரிசையில நில்லு" என்றான் நார்சிஸ்.

வயலுக்குப் போகும் முன்பு எல்லோரும் குடியரசுப் பாட்டு ஒன்று பாட வேண்டும் என்று உத்தரவு. கடைசியில் 'குடியரசு வாழ்க' என்று கத்த வேண்டும். விடியாத நேரத்தில், வயிற்றில் ஒன்றுமில்லாமல், பாதி பேர் கொட்டாவியோடு கத்தினார்கள். கூலி உண்டு என்றார்கள். அது எப்போதும் அடுத்த அறுவடையில்தான் வருவதாக இருந்தது.

இதையெல்லாம் பெரின் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது. ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிட்டார்கள்.

பிரான்சில் வாரம் என்பதையே மாற்றிவிட்டார்களாம். இனி ஏழு நாள் இல்லை, பத்து நாள். ஒன்பது நாள் வேலை, பத்தாம் நாள் ஓய்வு. அந்தப் பத்தாம் நாளுக்குத் தெக்காதி என்று பெயர். ஞாயிறு என்பது பாதிரிகளும் ராஜாக்களும் கட்டிவிட்ட மூடத்தனம். சொந்தக் கிழங்குக்கென்று இருந்த சனிக்கிழமையும் அதோடு போயிற்று. குடிமகளுக்குக் கூலி உண்டு, பிறகு எதற்குச் சனிக்கிழமை?

"கடவுளே ஆறு நாள்ல களைச்சுப் போயிட்டாரு" என்றாள் மார்த். "இவங்க நம்மகிட்ட ஒன்பது நாள் கேக்கறாங்க."

பழகிய உடம்புக்குப் புதுக் கணக்கு புரியவில்லை. ஆறு நாள் முடிந்து ஏழாம் நாள் வந்ததும் கால் தானாகச் சந்தைப் பக்கம் திரும்பும். ஆலையில் உருளை முன்னால் நிற்கும்போது கண் தானாக மூடும். முதல் மாதத்திலேயே ஒருத்தியின் முழங்கை போயிற்று. அன்று பழைய கணக்கில் ஞாயிற்றுக்கிழமை.

ஆனால் வாய் எதையும் சீக்கிரம் பழகிக்கொள்கிறது. போன்ரெப்போவில் 'தெக்காதி' என்று சொல்ல எவருக்கும் நாக்கு வளையவில்லை. ஓய்வு நாள் எதுவோ அதுதான் ஞாயிறு என்று வைத்துக்கொண்டார்கள். "வர்ற ஞாயித்துக்கெழம" என்றால் வரும் பத்தாம் நாள் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்கரையில் அப்படி இல்லை. அங்கே இருந்தவர்கள் கொஞ்சம் பக்தியானவர்கள். ஒரு வீட்டுக் கதவு நிலையில் கரிக்கோடு போட்டு, பழைய ஞாயிறை மறக்காமல் வைத்திருந்தார்கள். அன்று வேலைக்குப் போகும் முன்பு இரகசியமாக முழந்தாளிட்டு எழுந்து போவார்கள். அவர்களுக்கு ஞாயிறு என்றால் ஞாயிறு, தெக்காதி என்றால் தெக்காதி. இந்த வித்தியாசம் ஆற்றின் இரு கரையிலும் எவருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெர்னூ ஒரு வழி சொன்னார். ஊர் மன்றத்தில் போய்ச் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டால், புருஷனைப் பெண்டாட்டி இருக்கும் தோட்டத்துக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கேட்கலாம். அவர் அதை இரக்கத்தால் சொல்லவில்லை. கொப்பரைக்கு நெருப்புப் போட நல்ல ஆள் அவருக்கு வேண்டியிருந்தது. எதற்காகச் சொன்னால் என்ன, பெரினுக்கு அது போதும். கல்யாணம் பத்தாம் நாள் மட்டும்தான் நடக்கும். மன்றத்தில் சொல்லி வைத்தாயிற்று. ஸெஃபீருக்குச் சொல்ல வேண்டும்.

மார்த் பெரிய வீட்டுத் துணிகளை ஆற்றில் துவைக்கிறவள். எதிர்க்கரையில் அந்தத் தோட்டத்துப் பெண்கள் துவைப்பார்கள். சேதி எல்லாம் அப்படித்தான் தண்ணீருக்கு மேலே போய் வரும்.

"என்ன சொல்லணும்?" என்று கேட்டாள் மார்த்.

"ஞாயித்துக்கெழம காலையில வரச் சொல்லு. நல்ல சட்டை போட்டுட்டு வரச் சொல்லு. கல்யாணம்னு சொல்லு."

மார்த் அப்படியே கையைக் குவித்து அக்கரைக்குக் கத்தினாள். அங்கிருந்தும் சிரிப்பும் கூச்சலுமாகப் பதில் வந்தது.

ஸெஃபீர் ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டான். பழைய ஞாயிற்றுக்கிழமை. புதிய கணக்கில் அது பத்து நாள் வாரத்தின் நடுவில் எங்கேயோ கிடந்த ஒரு வேலை நாள். அவனுக்கும் அது தெரியும். ஆனால் கல்யாணத்துக்கென்று ஒரு சலுகை வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். கல்யாணம் என்றால் கோயில், கோயில் என்றால் ஞாயிறு. அதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு வந்தான்.

பாலத்தில் காவல் இருந்தது. தகவல் வந்து பெரின் ஆலையை விட்டு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவன் கையைக் கட்டியிருந்தார்கள். நகரத்திலிருந்து வந்த இளம் அதிகாரி ஒருவன் பீப்பாய் மேல் உட்கார்ந்து விசாரித்துக்கொண்டிருந்தான்.

"எங்க போற?"

"கல்யாணத்துக்குங்க."

"யாரு கல்யாணம்?"

"என் கல்யாணந்தாங்க."

"கல்யாணம் தெக்காதி அன்னிக்கு மட்டுந்தான். இன்னிக்கு என்ன நாள்?"

"ஞாயித்துக்கெழமங்க."

"அப்படி ஒரு நாள் கிடையாது."

ஸெஃபீர் கொஞ்சம் யோசித்தான். "அப்ப நான் இப்ப எந்த நாள்லங்க நின்னுக்கிட்டிருக்கேன்?"

காவலர்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். அதிகாரி சிரிக்கவில்லை. அவனுக்கும் மேலே பயப்பட வேண்டிய ஆட்கள் இருந்தார்கள். விடுதலையைக் கொண்டுவந்த கப்பல்தான் தலை வெட்டும் எந்திரத்தையும் கொண்டுவந்திருந்தது. அக்கரைத் தோட்டத்து முதலாளியின் தலை அந்த எந்திரத்தில்தான் போயிற்று.

"வேலை நாள்ல வேலையை விட்டுட்டு, நல்ல சட்டை போட்டு ஞாயிறு கொண்டாடற. ராஜா கட்சியா நீ?"

"ராஜாவை நான் பார்த்ததே இல்லீங்களே. நான் பெரின் கட்சி."

இந்தத் தடவை காவலர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதுதான் அவனுக்கு வினையாகப் போயிற்று. சிரிப்பு அதிகாரியைச் சுட்டது.

பெரின் முன்னால் போய் நின்றாள். "ஐயா, தப்பு என்மேலதான். நான்தான் ஞாயித்துக்கெழமன்னு சொல்லி அனுப்பினேன். நாங்க தெக்காதியத்தான் ஞாயிறுன்னு சொல்றது. அவங்க பக்கம் வேற மாதிரி. நான் சொன்ன ஞாயிறு இன்னும் வரவே இல்லீங்க."

"இரண்டு பேரும் ஞாயிறு பற்றியே பேசுகிறீர்கள்" என்றான் அதிகாரி, மன்றத்தில் பேசுவது போல. "நீ ஏன் வேலையில் இல்லை குடிமகளே?"

அதற்குள் நார்சிஸ் மூச்சிரைக்க வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். "வந்துடு புள்ள. உன்னையும் கட்டிப் போட்டுருவாங்க. வந்துடு."

ஸெஃபீருக்கு முன்னால் இரண்டு வழி வைத்தார்கள். கோட்டையில் சங்கிலி மாட்டிக் கல்லுடைப்பது, இல்லாவிட்டால் ஆங்கிலேயர் கப்பல்களை மடக்கிக் கொள்ளையடிக்கும் குடியரசுக் கப்பலில் ஏறுவது. அவன் கப்பலில் ஏறினான். நெருப்புப் போடுகிறவனுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். ஆனாலும் சங்கிலியைக் காட்டிலும் தண்ணீர் தேவலை என்று நினைத்திருப்பான்.

பெரின் சொன்ன ஞாயிறு அதற்குப் பிறகு ஒரு நாள் வந்து போயிற்று. மன்றத்துக்குப் போக அவளுக்கு வேலை இல்லை. அன்று முழுக்கக் குடிசையில் படுத்துக் கிடந்தாள். தூக்கமும் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களைத் தனித்தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. மணி அடித்தது. பாட்டுப் பாடினார்கள். கரும்பு வெட்டினார்கள், ஆலை ஓடியது. ஆணையர்கள் மாறினார்கள், ஒவ்வொருவரும் வந்த புதிதில் தோட்டத்துக்கு வந்து குடிமக்களே என்று ஆரம்பித்து உழைப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். பெரினின் வலது கையில் இரண்டு விரல்களை உருளை நசுக்கியது. கோடரிக்கு வேலை வரவில்லை, அந்த மட்டில் அதிர்ஷ்டம். அவளை அடை சுடும் அடுப்புக்கு மாற்றினார்கள். தோட்டம் முழுக்க அவள் சுட்ட அடையைத்தான் தின்றது.

ஸெஃபீர் கப்பலிலிருந்து இறங்கி, தீவுப் படையில் சிப்பாய் ஆனான். ஆளே மாறியிருந்தான். நிமிர்ந்து நடந்தான். நீலக் கோட்டு போட்டிருந்தான். மலைக்கு அந்தப் பக்கத்துக் கோட்டையிலிருந்து விடுப்பு கிடைத்தால் வருவான். அவனுக்கு விடுப்பு இருக்கும் நாளில் அவளுக்கு வேலை இருக்கும். அடுப்பு முன்னால் உட்கார்ந்து அவள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டுப் போவான். கல்யாண அனுமதி கேட்டார்கள். சிப்பாய் என்றால் தளபதி கையெழுத்து வேண்டும் என்றார்கள். தளபதி மாறினார். மறுபடி கேட்டார்கள். கடைசியில் கேட்பதே அலுத்துப்போயிற்று.

"அன்னிக்கு நீ ஏன் தெக்காதின்னு சொல்லல?" என்று ஒருமுறை கேட்டான். கோபமாக இல்லை.

"நாக்குல வரல" என்றாள்.

அவன் தலையாட்டினான். அதோடு சரி.

விடுதலை வந்து ஏழெட்டு வருஷம் கழித்து, மழை தொடங்கும் மாதத்தில், பிரான்சிலிருந்து பெரிய கப்பல்கள் வந்தன. வந்தவர்கள் குடிமக்களே என்று ஆரம்பிக்கவில்லை. கொஞ்ச நாளில் மலைக்கு அந்தப் பக்கம் சண்டை என்றார்கள். கறுப்புச் சிப்பாய்கள் சிலர் சரணடைவதைவிடச் சாவதே மேல் என்று மத்தூபா என்ற மலையூரில் வெடிமருந்தைக் கொளுத்தித் தாங்களும் போனார்கள் என்றார்கள். சத்தம் இங்கேயே கேட்டது என்று மார்த் சத்தியம் செய்தாள். பெரினுக்குக் கேட்கவில்லை. அவள் அடுப்படியில் இருந்தாள்.

ஸெஃபீர் அந்தச் சண்டைக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தான். ஒரு பகல் நேரம், மழையில், கரும்புக்குள்ளிருந்து வெளியே வந்தான். கோட்டு இருந்தது. துப்பாக்கி இல்லை.

"துறைமுகத்துல வரிசையா நிக்கச் சொன்னாங்க" என்றான். "மரியாதை பண்ணப் போறாங்கன்னு நினைச்சோம். துப்பாக்கியக் கீழ வைங்கன்னாங்க, வெச்சோம். கப்பல்ல ஏறுங்கன்னாங்க. ஏறினவனெல்லாம் அடித்தட்டுல போட்டுப் பூட்டிட்டாங்க. எங்க கொண்டுபோறாங்கன்னே தெரியல. நான் ஏறல. துறையில கெடந்த மூட்டைக்குள்ள பூந்து, இருட்டு வந்ததும் ஓடி வந்துட்டேன்."

"கோட்டைக் கழட்டு" என்றாள் பெரின்.

"மலையில ஆளுங்க இருக்காங்க. நான் அங்கதான் போறேன். உன்னையும் கூட்டிட்டுப் போலாம்னு..."

"கழட்டு முதல்ல."

அவள் கத்தரிக்கோல் எடுத்துக் கோட்டைத் துண்டு துண்டாக வெட்டினாள். நசுங்கிய விரல்களோடு அது மெதுவாகத்தான் நடந்தது. பொத்தான்களை மரவள்ளி பிழிந்த நச்சுத் தண்ணீர்க் குழியில் போட்டாள். கம்பளித் துண்டுகளை அடைக்கல்லுக்குக் கீழே ஒவ்வொன்றாகத் தள்ளினாள். புகை சுழன்றது. அவன் மூலையில் சட்டையில்லாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கோட்டுலதான் என்னய மனுஷனா மதிச்சாங்க" என்றான்.

"தெரியும்."

"கப்பல்ல எல்லாரும் குடிமகன் ஸெஃபீர்னுதான் கூப்பிட்டாங்க. வெள்ளைக்காரனும் அப்படித்தான் கூப்பிட்டான்."

"தெரியுது. அந்தக் குச்சியை இங்க தள்ளு."

பிற்பகல் நான்கு சிப்பாய்கள் வந்தார்கள். ஓடிப்போனவர்களைத் தேடுகிறவர்கள். ஸெஃபீர் கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தான். அவர்கள் மூட்டைப் பக்கம் பார்ப்பதற்குள் பெரின் ஆளுக்கொரு அடையைச் சூடாக எடுத்து நீட்டினாள். ஒருவன் கடித்துவிட்டுத் துப்பினான்.

"என்ன கருமம் இது? ஆட்டைப் பொசுக்கின மாதிரி நாறுது."

"மழைங்கய்யா. விறகு ஈரம்."

"இதைத் தின்னுட்டா இவனுங்க உயிரோட இருக்கானுங்க?" என்று சொல்லி அடையை எறிந்துவிட்டுப் போனார்கள். அன்று மாலை தோட்டத்தில் யாராலும் அடையைத் தொட முடியவில்லை. எவரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

மழைக்காலம் முழுக்க ஸெஃபீர் பகலில் கரும்புக்குள்ளும் இரவில் மூட்டைகளுக்குப் பின்னாலுமாக இருந்தான். மலைக்குப் போகிறேன் என்று தினமும் சொன்னான். மலையிலிருந்து வந்த சேதி எதுவும் நன்றாக இல்லை. பிறகு முரசறைந்து உத்தரவு வந்தது. விடுதலைக்கு முன்னால் எந்தத் தோட்டத்தில் இருந்தார்களோ அங்கே எல்லோரும் திரும்பிப் போக வேண்டும். அடிமை என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல இன்னும் கூச்சப்பட்டார்கள். ஆனால் சாட்டையை நார்சிஸின் கையில் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் திரும்பி வந்தது. பத்து நாள் வாரம் போய், ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தது. பாதிரியார் கோயிலைத் திறந்தார். கிழங்கு போடச் சனிக்கிழமையும் கிடைத்தது.

"விடுதலை வந்து ஞாயிறை எடுத்துக்கிட்டுப் போச்சு" என்றாள் மார்த். "இப்ப ஞாயிறு வந்து விடுதலையை எடுத்துக்கிட்டுப் போகுது. ரெண்டும் ஒரே வீட்டுல இருக்காது போல, கொமேர்."

ஓடிப்போன முதலாளியின் மருமகன் வருவதாகவும், வெள்ளிக்கிழமை எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி ஆள் கணக்கு எடுக்கப்போவதாகவும் சொன்னார்கள். முந்தின நாள் பெரின் கிழங்கு துருவிக்கொண்டே பேசினாள்.

"நீயும் வந்து வரிசையில நில்லு."

"நான் அக்கரைத் தோட்டத்து ஆளு."

"அந்த முதலாளி தலை போயி எவ்வளவு வருஷம் ஆச்சு? கேக்கறதுக்கு ஒருத்தரும் வரல. நாளைக்குக் கேட்டா இந்தத் தோட்டத்து ஆளுன்னு சொல்லிடு."

"இந்தத் தோட்டத்து என்னன்னு சொல்லணும்?"

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "உனக்கே தெரியும்."

"என் வாயால நானே சொல்லணுமா?"

"ஆமா."

"நீ என்னய அதுக்குத்தான் காப்பாத்தினியா, பெரின்?"

"நான் களைச்சுப் போயிட்டேன் ஸெஃபீர்" என்றாள். "நீ கப்பல்ல போன, காத்திருந்தேன். கோட்டைக்குப் போன, காத்திருந்தேன். மலைக்குப் போனா அதுக்கும் காத்திருக்க என்கிட்ட ஒண்ணும் மிச்சம் இல்ல. போறதுன்னா போ. தடுக்க மாட்டேன். ஆனா ஒரே வீட்டுல உன்னோட இருக்கணும்னு நான் கேட்டது அந்த ஒண்ணுதான். அதுக்கு எனக்கு வேற வழி தெரியல."

அவன் எழுந்து மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். காலையில் மணி அடித்தபோது மூட்டைகளுக்குப் பின்னால் அவன் இல்லை. பெரின் தனியாக முற்றத்துக்கு நடந்தாள். மலைக்குத்தான் போய்விட்டான் என்று நினைத்தாள். அப்படி நினைத்தபோது அழுகை வரவில்லை. அவளுக்கே அது பயமாக இருந்தது.

ஆனால் அவன் வரிசையில் நின்றிருந்தான். கடைசியில், கிழிந்த கால்சட்டையோடு. குதிகால் இரண்டும் சேர்ந்து, நெஞ்சு நிமிர்ந்து, கை தொடையோடு ஒட்டி, அச்சு அசலாகச் சிப்பாய். மற்றவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றார்கள்.

மருமகனும் வெர்னூவும் வரிசையை எண்ணிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் கிட்டே வருவதற்குள் நார்சிஸ் பின்பக்கமாகப் போய், சாட்டைப் பிடியால் ஸெஃபீரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"கூனி நில்லுடா" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "எந்த ஊருலடா அடிமை இப்படி நிப்பான்? கூனு."

ஸெஃபீரின் தோள் மெல்ல இறங்கியது. குதிகால் பிரிந்தது.

"இவன் யாரு?" என்று கேட்டார் மருமகன்.

வெர்னூ அவனைப் பார்த்தார். ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு கொப்பரைக்கு அவன் வேண்டுமென்று கல்யாண வழி சொன்னவர் அவர்தான். அவருக்குத் தெரியாமல் இருக்காது. வயலில் கரும்பு வெட்ட ஆளில்லாமல் நின்றிருந்தது. அதுவும் அவருக்குத் தெரியும்.

"நீ யாரோட ஆளு?" என்று கேட்டார்.

ஸெஃபீர் தரையைப் பார்த்தான். வரிசையில் எவரோ இருமினார்கள். பெரின் தன் நசுங்கிய விரல்களை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போன்ரெப்போ தோட்டத்து அடிமைங்க" என்றான் ஸெஃபீர். குரல் தெளிவாக வந்தது. "கொப்பரைக்கு நெருப்புப் போடறவன்."

"பழைய ஆளுதான் மெஸ்ஸியே" என்றான் நார்சிஸ். "கொஞ்ச நாள் காய்ச்சல்ல கெடந்தான்."

"கையைக் காட்டு" என்றார் மருமகன். பார்த்தார். "கை நல்லாத்தான் இருக்கு." அடுத்த ஆளுக்கு நகர்ந்தார்.

வரிசை கலைந்ததும் ஸெஃபீர் நேராக அவள் குடிசைக்கு வந்தான். எவரும் தடுக்கவில்லை, எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்று உள்ளே பார்த்தான்.

"ஞாயித்துக்கெழம வரச் சொன்னியே" என்றான். "கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன். இன்னிக்கு வெள்ளிக்கெழம."

அவளுக்குச் சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. முகம் ஒத்துழைக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

சனிக்கிழமை இருவரும் மலைச்சரிவுக்குப் போய்க் கிழங்கு பிடுங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து மணி அடிக்கவில்லை, கோயில் மணி மட்டும் அடித்தது. அவள் அடை சுட்டுக் கூடையில் அடுக்கினாள். கூடையைத் தூக்க அவனை எழுப்பலாம் என்று திரும்பினாள். அவன் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். முதுகில் சாட்டைப் பிடி பட்ட இடம் கன்றியிருந்தது. தூக்கத்திலும் தோள் கூனித்தான் இருந்தது.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். சந்தைக்குப் போகவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவள் கேட்டது இதுதான், ஒரே நாளில் இருவருக்கும் ஓய்வு, ஒரே குடிசை. இப்போது கால் மரத்துப்போகிறது என்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

வெயில் வாசல் தாண்டி உள்ளே வந்தபோது அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"இன்னிக்கு என்ன நாள்?"

"ஞாயித்துக்கெழம."

"எந்த ஞாயிறு?"

அவள் அவன் கண்ணைக் கையால் மூடினாள்.

"தூங்கு" என்றாள். "நாளைக்கு மணி அடிப்பாங்க."